பன்னிரண்டு என்று சொன்ன குரல்

பேருந்து புறப்படும்போது எண்ணிக்கை இருபது வந்தது. நாற்பத்தைந்து நிமிடம் கழித்து இறங்கியபோது பத்தொன்பது பேர்தான் இருந்தோம். இல்லாதது என் மனைவி.

வழியில் பேருந்து எங்கும் நிற்கவில்லை, கதவும் திறக்கவில்லை. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கதவைத் திறக்கும் பொத்தானுக்குப் பக்கத்து இருக்கையில்தான் அந்த நாற்பத்தைந்து நிமிடமும் நான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவள் மலையடிவாரத்திலேயே ஏறவில்லை. ஆனால் அங்கே எண்ணிவிட்டுத்தான் கிளம்பினோம். ஒன்றிலிருந்து இருபது வரை இடையில் ஒன்றுகூட விடுபடவில்லை. என் எண் பதினொன்று. அவளுடையது பன்னிரண்டு. பன்னிரண்டு என்று சொன்னதை லீடர் கேட்டார், பதின்மூன்றாம் எண்காரர் கேட்டார், நானும் என் காதால் கேட்டேன். ஆளே இல்லாதபோது அந்த எண்ணைச் சொன்னது யார்?

இந்த எண்ணும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருபது பேரும் சனி, ஞாயிறுகளில் மருத்துவமனை நிர்வாகம் படிப்பவர்கள். எல்லோருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, எல்லோருக்கும் மருத்துவமனையிலோ அதைச் சார்ந்தோ வேலை. நான் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இரண்டாம் வருடத்தில் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றைப் பார்த்துவர வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருந்தது. இரண்டு நாள் மருத்துவமனை, நான்கு நாள் ஊர் சுற்றல் என்று முடிவுசெய்து கிளம்பி வந்திருந்தோம். அது நான்காம் நாள்.

எங்கள் வகுப்புக்கு லீடராக இருந்தவர் ஒரு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளர். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. வெளியே முப்பது வண்டிகள் ஓடும், அதில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்க்க மாட்டார். ஒயர்லெஸ்ஸில் ஒவ்வொரு வண்டியும் தன் எண்ணைச் சொல்லும், அவர் தாளில் டிக் போடுவார். பத்தொன்பது வருடம் இதைச் செய்தவருக்கு ஆளை எண்ணக் கண் தேவையே இல்லை. பேருந்தின் முன்பக்கம் உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொல்லுங்க" என்பார். வகுப்பு வருகைப் பதிவேட்டில் உள்ள வரிசைப்படி ஆளாளுக்குத் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். இருபது வந்ததும் டிரைவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். முதுகுச் சாய்மானம் தலைக்கு மேல் போகும் அந்த உயரமான இருக்கைகளில் எட்டி எட்டித் தலையை எண்ணுவதைவிட இது வேகமானது. மூன்று நாளும் இருபது வினாடிக்குள் முடிந்தது.

அவள் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போய் இறங்கிய இடம் பழைய நீராவி எஞ்சின்களை வைத்திருக்கும் காட்சிக்கூடம். வாசலிலேயே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். அது எதற்கு அவ்வளவு கனமாக இருக்கிறது தெரியுமா, என்று அவளிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் எங்கள் வகுப்பு மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வகுப்பு நர்ஸ்கள் இருவரும் கடைசியாக இறங்கினார்கள். ஒருவர் பெரியக்கா, இன்னொருவர் சின்னக்கா. சொந்தமில்லை, ஒரே வார்டு, ஒரே ஷிப்ட், அவ்வளவுதான். என் மனைவி எப்போதும் அவர்களோடுதான் பின்னால் உட்காருவாள்.

"அவ எங்கக்கா?"

"உங்களோட முன்னாடி இல்ல?" என்றார் பெரியக்கா.

"உங்களோட பின்னாடி இல்லையா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சின்னக்கா மறுபடி பேருந்துக்குள் ஏறிப்போய், ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அவளுடையது. இருக்கையில் கிடந்ததாம்.

"ஸ்வெட்டர் இருந்துச்சு. சரி, புருஷனோட முன்னாடி போய் உக்காந்திருக்கா, ரெண்டு பேருக்கும் சமாதானம் ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டோம்" என்றார்.

அவளுடைய கைப்பேசியைக் கூப்பிட்டேன். என் தோள்பையே அதிர்ந்தது. அவள் கைப்பேசி, பாஸ்போர்ட், அறைச் சாவி எல்லாம் என் பையில்தான் இருந்தன. தொலைத்துவிடப் போகிறாள் என்று முதல் நாளே நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் கல்யாணமான பதினாலு வருடத்தில் அவள் எதையும் தொலைத்ததில்லை.

சமாதானம் என்று சின்னக்கா சொன்னதற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவளுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற பெரிய ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக. அவளே விண்ணப்பித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. போகிறாளா இல்லையா என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அன்று வியாழன். மூன்று வாரமாக நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் "பாக்கலாம்" என்றாள். போய்விட்டால் பிறகு வார இறுதிக்குக்கூட வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்படித் தோன்ற என்ன ஆதாரம் என்று கேட்டால் எதுவுமில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. வீட்டில் அவள் பேசுவது மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது, டயரில் காற்று இறங்குவது போல. ஆணி எங்கே ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பயணத்தில் எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று நம்பித்தான் வந்தேன்.

அன்று காலை சிற்றுண்டியின்போது பெரியக்கா அவளிடம், "என்னம்மா, அந்த ஊருக்குப் போறதா முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டார். "அதெல்லாம் போகலக்கா. வீட்டை விட்டுட்டு எங்க போவா" என்றேன் நான். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

காட்சிக்கூட வாசலில் லீடர் தன் தாளைப் பிரித்தார். பன்னிரண்டுக்கு நேரே டிக் இருந்தது. அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"சொன்னாங்களே. டிக் போட்டிருக்கேனே. காதுல விழாம நான் டிக் போடவே மாட்டேன்."

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?" என்றேன்.

"குரலை யாருங்க பாத்தா? நம்பர் விழுந்தா டிக். அவ்வளவுதான்."

எல்லோரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர்தான் பதின்மூன்று. மேலும், யாருடைய குரலையும் அப்படியே பேசிக்காட்டுவார். இரண்டு நாளைக்கு முன் லீடரின் குரலில், "எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல கீழ வாங்க" என்று ஓட்டல் மாடிப்படியில் நின்று கத்தி, பாதி சோப்பு நுரையோடு நாலு பேரை ஓடிவர வைத்த ஆள்.

"அய்யய்யோ, நான் இல்லப்பா. நான் பதிமூணு மட்டும்தான் சொன்னேன். பன்னெண்டு காதுல விழுந்துச்சு, பதிமூணு சொன்னேன்."

"எங்கிருந்து விழுந்துச்சு?"

"அது எப்படி சார் தெரியும்? பஸ்ஸுக்குள்ள இருந்துதான்."

"உனக்கு இதுலயும் வெளயாட்டாய்யா?" என்றேன். அதுவரை அவரை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். "ஒரு பொம்பளை தனியா, பாஸ்போர்ட் இல்லாம, ஃபோன் இல்லாம, பாஷை தெரியாத ஊர்ல நிக்கிறா. உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"நான் எங்க சார் சிரிச்சேன்?" என்றார். உண்மையில் அவர் சிரிக்கவில்லை. ஆனால் நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். லீடர்தான் விலக்கிவிட்டார். மருந்துக்கடைக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "பரவால்ல விடுங்க, அவர் நெலமையில யாரா இருந்தாலும்..." என்று சொல்லிவிட்டு, முடிக்காமல் தள்ளிப்போய் நின்றார்.

டிரைவர் அந்த நாட்டுக்காரர். நிலைமையைக் கையாலும் அரைகுறை வார்த்தைகளாலும் லீடர் புரியவைத்தார். டிரைவர் மலையேறும் கம்பி வண்டி டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த அலுவலக எண்ணைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடிகாரத்தைக் காட்டி, கையை மேலிருந்து கீழே இறக்கி ஷட்டர் மூடுவது போலச் சைகை செய்தார். மலையடிவார நிலையத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அப்போது மணி நாலு நாற்பது. யாரும் எஞ்சின் பார்க்க உள்ளே போகவில்லை. எல்லோரும் ஏறினார்கள்.

இந்த முறை நான் முன்னால் உட்காரவில்லை. பின்னால் போய் அவளுடைய இருக்கையில் உட்கார்ந்து ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் விழுந்த துளிகள் பேருந்தின் வேகத்தில் கீழே வடியாமல் பக்கவாட்டில் ஓடின.

மலையடிவாரத்தில் என்னதான் நடந்தது என்று ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்தேன். பழுது பார்ப்பதும் அப்படித்தான். கடைசியாக எது சரியாக வேலை செய்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அங்கிருந்து முன்னோக்கி வர வேண்டும்.

மலைமேல் போகும் கம்பி வண்டியில் நானும் அவளும் சேர்ந்துதான் போனோம். அந்த வண்டி ஒரு அழகான ஏற்பாடு. ஒரே கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும்போது அதன் எடையே மற்றதை மேலே இழுத்துவிடும். மோட்டார் இரண்டு பெட்டிக்கும் உள்ள எடை வித்தியாசத்தை மட்டும் சமாளித்தால் போதும். நடுவழியில் எதிர்ப் பெட்டி நம்மைக் கடந்து கீழே போகும். அது கடக்கிற நேரம் பார்த்து இதையெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "பாரு, இப்ப அவங்கதான் நம்மள இழுக்குறாங்க" என்றேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, "கொஞ்ச நேரம் சும்மா வாங்களேன்" என்றாள். சும்மா வந்தேன். மேலே பனிமூட்டம்; இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் பனிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கீழே வந்ததும் அவள் கழிவறைப் பக்கம் நடந்தாள். அங்கே வரிசை நீளமாக இருந்தது. அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

பிறகு நான் நேராகப் பேருந்தின் முன்பக்கம் போய் டிரைவருக்கு அடுத்த இருக்கையைப் பிடித்தேன். மலை இறக்கத்தில் கனமான வண்டியைக் கால் பிரேக்கால் மட்டும் பிடித்தால் பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போய்விடும். அதற்காக எஞ்சினின் புகை வெளியேறும் வழியைக் கொஞ்சம் அடைத்து, எஞ்சினையே மூச்சுத் திணறவைத்து, அதைக்கொண்டு வண்டியை மெதுவாக்குவார்கள். அதற்கான நெம்புகோலை டிரைவர் எப்போது இழுக்கிறார், எப்போது விடுகிறார் என்று பார்க்கத்தான் அங்கே உட்கார்ந்தேன். லீடர் "சொல்லுங்க" என்றார். நான் நெம்புகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் வந்தன.

அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. அந்த இடத்தில் ஞாபகம் வழுக்கியது.

"அவ காலைல ஒண்ணுமே சாப்பிடல தம்பி" என்றார் பெரியக்கா, முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி. "ரொட்டியைப் பிச்சுப் பிச்சு தட்டுலயே வச்சிட்டு எந்திரிச்சுட்டா."

"நான் கவனிக்கலக்கா."

"தெரியும்" என்றார்.

பாதி வழியில் டிரைவர் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். திரும்பிப் போகும் தூரத்தை அவர் கணக்கில் வைத்திருக்கவில்லை போல. டீசல் நிரம்பும் நேரத்தில் ஆறேழு பேர் இறங்கிப்போய் வந்தார்கள். கதவு மூடியது. லீடர் தாளை எடுத்தார்.

"மறுபடி ஆரம்பத்துல இருந்து எண்ணிடுவோம். பன்னெண்டு தவிர. சொல்லுங்க."

ஒன்று, இரண்டு என்று வந்தது. பெரியக்கா ஐந்து, சின்னக்கா ஆறு. ஏழு, எட்டு, ஒன்பது. நான் ஜன்னலுக்கு வெளியே பம்ப் குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த டீசலைப் பார்த்தபடி இருந்தேன். அந்தக் குழாய் தொட்டி நிரம்பியதும் தானாக நின்றுவிடும், அது எப்படி என்று மனம் தன் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது. பத்து வந்தது.

"பதினொன்னு, பன்னெண்டு" என்றேன்.

பதின்மூன்று வரவில்லை.

பேருந்தில் எஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது. ஏன் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. முன்னால் மூன்று வரிசை தள்ளி மருந்துக்கடைக்காரர் எழுந்து திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"சார், இப்ப யாரு சொன்னது?"

சின்னக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். லீடர் தன் பேனாவைப் பார்த்தார். அது பன்னிரண்டின் மேல் நின்றிருந்தது. டிக் போட்டுவிட்டிருந்தார்.

வகுப்பில் வருகைப் பதிவு காலை சரியாக ஒன்பதுக்கு எடுப்பார்கள். சனிக்கிழமைகளில் அவளுக்கு இரவு ஷிப்ட் முடிவதே எட்டரைக்கு. இரண்டு பஸ் மாறி வந்துசேர ஒன்பதே கால் ஆகும். முதல் மாதம் அவளே கேட்டாள், "எனக்கும் சேத்து சொல்லிடுங்க." வருகைப் பதிவு எடுப்பவர் தலையை நிமிர்த்தாத ஆள். பதினொன்றும் பன்னிரண்டும் அடுத்தடுத்து இருந்ததால் வசதியாகப் போயிற்று. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுவேன். பிறகு அவளுக்கு ஷிப்ட் மாறி, எட்டே முக்காலுக்கே வந்து என் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். அப்போதும் நான்தான் சொன்னேன். இந்தப் பயணத்தின் முதல் மூன்று நாளும் பேருந்தில் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தன் மூச்சுச் சத்தம் தன் காதுக்குக் கேட்பதில்லையே, அது போல.

எழுந்து மருந்துக்கடைக்காரரிடம் போனேன். "சட்டையில பட்டன் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான். விடுங்க சார், எங்கிட்ட பட்டன் மாதிரி நெறைய இருக்கு, எல்லாம் மாத்திரைதான்" என்றார். அவர்கூட அதற்குச் சிரிக்கவில்லை. நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். மலையடிவாரம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நிலையத்தின் விளக்குகளை அணைத்திருந்தார்கள். டிக்கெட் கொடுக்கும் அறையில் மட்டும் வெளிச்சம். உள்ளே ஒரு சிறிய ஹீட்டர் பக்கத்தில், டிக்கெட் கொடுக்கும் வயதான பெண்ணின் கோட்டைப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டார். கோபமா நிம்மதியா என்று சொல்ல முடியாத முகம்.

ஸ்வெட்டரை நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டு, கோட்டை மடித்து அவரிடம் கொடுத்தாள். லீடர் வாசல்வரை வந்துவிட்டு, எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்.

"பஸ் கெளம்புனதப் பாத்தியா?"

"பாத்தேன். அந்தக் கம்பத்துக்கிட்ட வந்துட்டேன். பத்தடி இருக்கும்."

"கை காட்டியிருக்கலாமே. கத்தியிருக்கலாமே."

"கத்தலாம்னு வாயைத் தொறந்தேன்." ஹீட்டர் பக்கம் கையை நீட்டினாள். "அப்புறம், எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாப்போம்னு தோணுச்சு. ஒரு வளைவு. மிஞ்சிப் போனா ரெண்டு வளைவு. திரும்பி வந்துரும்னு நின்னேன்."

"இவங்ககிட்ட ஃபோன் இல்லையா?"

"குடுத்தாங்க. உங்க நம்பர் எனக்கு மனப்பாடம். வேணாம்னுட்டேன்." பிறகு கேட்டாள்: "எப்ப தெரிஞ்சுது?"

"அங்க போய் எறங்கினப்புறம்தான்."

"அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பொய் சொல்லத் தெரியவில்லை. "டிரைவர் பிரேக் போடுறதப் பாத்துட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பன்னெண்டு நான்தான் சொன்னேன்" என்றேன். "வேற யாரோன்னு நெனச்சு அந்த மருந்துக்கடை சட்டையக்கூடப் புடிச்சுட்டேன். எனக்கே தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது. பஸ் அந்தக் கேட்டைத் தாண்டினதுமே தெரிஞ்சுது. கணக்கு முழுசா வந்திருக்கும்னு." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, ஆய்வகத்தில் முடிவைப் படித்துச் சொல்வது போல இருந்தது. "காலைல பெரியக்கா கேட்டாங்கல்ல, அப்ப எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியாது. நெசமா தெரியாது. இங்க உக்காந்திருந்தப்ப தெரிஞ்சுருச்சு. நான் போறேங்க. ஒண்ணாம் தேதி சேரணும்."

மழை தகரக் கூரையில் கொஞ்சம் பலத்தது. டிக்கெட் கொடுக்கும் பெண் ஹீட்டரை அணைத்தார்.

"வீட்டுக்கு எப்ப வருவ? வாரா வாரமா?"

"தெரியல."

"வருவதானே?"

"தெரியலன்னு சொன்னேன்ல. தெரிஞ்சா நானே சொல்றேன்."

பையைத் திறந்து அவளுடைய கைப்பேசி, பாஸ்போர்ட், அறைச் சாவி மூன்றையும் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை ஒருமுறை திறந்து தன்னுடையதுதானா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொண்டாள்.

பேருந்தில் அவள் ஏறியதும் பெரியக்கா கட்டிக்கொண்டார். "உன்ன விட்டுட்டுப் போயிட்டோமேடி" என்று அவர் அழ, "நான் நல்லா இருந்தேங்க்கா" என்று இவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு தனி ஜன்னல் இருக்கை ஒன்றில் போய் உட்கார்ந்தாள். கைப்பேசியின் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. கட்டைவிரலால் மெதுவாக ஏதோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அந்தப் பதில் கடிதத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. போகவில்லை.

லீடர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எப்படிங்க எண்ணறது இப்ப? எனக்கு வேற வழி தெரியாதே."

அது எனக்குத் தெரிந்த வேலை. நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டி நாடித்துடிப்பைத் திரையில் காட்டும் கருவி ஒன்று உண்டு. எங்கள் மருத்துவமனையில் அதில் ஒரு பழைய மாடல் இருந்தது. கிளிப் விரலிலிருந்து கழன்று விழுந்தாலும் திரை கடைசியாகப் பார்த்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு. நர்ஸ் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். நல்ல கருவி அப்படிச் செய்யாது. கிளிப் கழன்றால் எண்ணை உடனே அழித்துவிட்டு வெறும் கோடு போடும், அலறும். தகவல் வரவில்லை என்றால் வரவில்லை என்றே காட்ட வேண்டும். இட்டு நிரப்பக் கூடாது. அந்தப் பழைய மாடல்கள் ஆறையும் ஒரே நாளில் நான்தான் கழற்றி ஒதுக்கினேன்.

லீடரிடம் முறையைச் சொன்னேன், அவர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். மீதி இரண்டு நாளும் அப்படித்தான் எண்ணினோம், தவறு வரவில்லை. எண்ணுகிறவர் உட்காரக் கூடாது; இருக்கைகளுக்கு நடுவே நடந்து வர வேண்டும். அவரவர் எண்ணை அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் டிக். ஒருவர் எண்ணை இன்னொருவர் சொன்னால், கணவனே ஆனாலும், அது செல்லாது. ஓர் எண்ணுக்குப் பதில் வராவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. பதில் வரும்வரை பேருந்து நகராது.